கோணக்கொம்பனின் கீழ்த்தாடை

ஒரே ஒரு வெடி.

முகம் நிறைய சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அடுத்த நொடியே மேற்குச் சரிவிலிருந்து இன்னொரு சத்தம், ஈரச் சாக்கைச் சுவரில் அறைந்தது போல. குண்டு உடம்பில் பட்ட சத்தம்.

முப்பது வருஷமாக வேட்டைக்குப் போகிறவனுக்கு அந்த இரண்டாவது சத்தம் போதும். மேற்குச் சரிவில், ஓடைக்கு மேலே, செப்டம்பர் மாதம் காலை ஆறே முக்காலுக்கு நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். என் கோணக்கொம்பன்.

சவரக்கத்தி கன்னத்தைக் கீறிவிட்டது.

"என்ன ஆச்சு?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி பூர்கி கேட்டாள்.

"யாரோ சுட்டுட்டாங்க."

"சுட்டா சுடட்டும். காபி ஆறுது, வா."

அன்றைக்கு நான் மலையில், பரணில் உட்கார்ந்திருக்க வேண்டியவன். முந்தின நாள்தான் பூர்கி திடீரென்று, "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வெந்நீர்க் கொதிகலனைப் பாக்க ஆள் வர்றான். நீ வீட்ல இருந்தே ஆகணும். அந்தக் குழாயெல்லாம் எனக்கு என்ன தெரியும்?" என்று பிடிவாதம் பிடித்தாள். ஒரு நாள்தானே என்று தங்கினேன். ஒரே ஒரு நாள்!

கோணக்கொம்பன் ஒரு செம்மான். வலது கொம்பு தேவாலய மெழுகுவர்த்தி போல நேராக நிற்கும். இடது கொம்பு மட்டும் நுனியில் உள்பக்கமாக வளைந்து, காதில் ஏதோ ரகசியம் சொல்ல வருவது போல இருக்கும். அதன் மூன்றாவது வயதில் முதலில் பார்த்தேன். அப்புறம் ஏழு வருஷம் அதன் பின்னாலேயே அலைந்தேன். ஒவ்வொரு வசந்தத்திலும் அது உதிர்த்த கொம்புகளைத் தேடி எடுத்து வந்து, எங்கள் கட்டிலுக்கு மேலே சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். ஏழு ஜோடி. பூர்கி வாரம் ஒருமுறை தூசி தட்டுவாள். அது எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் படுக்கும் என்று வெளியே ஒரு மனிதரிடமும் மூச்சு விட்டதில்லை. வீட்டில் மட்டும், படுத்ததும் பேசுவேன். பூர்கி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஏன் ஏழு வருஷம் காத்தேன்? எங்கள் வேட்டைச் சங்கத்தில் ஆறு பேர். வருஷத்துக்கு ஒரே ஒரு கிழ மானைத்தான் சுடலாம். முதலில் யாருக்கு வாய்க்கிறதோ அவருக்கு. கிழ மான் என்றால் பத்து வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்த வயது மானைச் சுட்டால், மார்ச் மாதம் நடக்கிற கொம்புக் கண்காட்சியில் ஊரே பார்க்க அதன் நெற்றியில் சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். சுட்டவனுக்கு மூன்று வருஷம் மான் கிடையாது. ஊர் மதுவிடுதியில் தலை காட்ட முடியாது. அதனால்தான் பொறுத்தேன். இந்தச் செப்டம்பரில் கோணக்கொம்பனுக்குப் பத்து.

எட்டு மணிக்கு முற்றத்தில் ஜீப் ஹார்ன் அலறியது.

"அம்ப்ரோஸ்! வெளில வா! யாரக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு பாரு!"

வெண்டலின். எங்கள் பள்ளத்தாக்கின் தபால்காரன், சங்கத்தில் ஆறாவது ஆள். முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, சிரித்தால் கடைசிப் பல் வரை தெரியும். வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஜீப்புக்குப் பின்னால் இழுவண்டியில் கோணக்கொம்பன் படுத்திருந்தது. வேட்டை வழக்கப்படி அதன் வாயில் கடைசிக் கவளமாகப் பச்சைத் தேவதாரு இலைக் கொத்து வைத்திருந்தான். அதே மரத்தின் இன்னொரு கொத்து, சுட்டவனுக்கு அடையாளமாக, அவன் தொப்பியின் வலது பக்கத்தில்.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு வேட்டைக்காரன் இன்னொருவனுக்குச் சொல்ல வேண்டிய வாழ்த்து ஒன்று உண்டு: "வைட்மான்ஸ்ஹைல்." சொல்லிக் கை குலுக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்குக்கூடச் சொல்லிவிடுவோம். சொல்லாதவனுக்கு ஊர் ஒரு பெயர் வைத்திருக்கிறது: சூட்டுப் பொறாமைக்காரன், அதாவது அடுத்தவன் சுட்டதைப் பார்த்து எரிகிறவன். எங்கள் பக்கம் திருடன் என்ற பெயர்கூட அதைவிடத் தேவலை.

வாயைத் திறந்தேன்.

"வண்டியத் தள்ளி நிறுத்து. பூச்செடி மேல ஏத்திட்ட" என்றுதான் வந்தது.

வெண்டலினின் சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. அதற்குள் பூர்கி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"வைட்மான்ஸ்ஹைல், வெண்டலின்!" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். அவள் கன்னம் சிவந்திருந்தது. என் முதல் மானுக்குக்கூட இவள் இப்படிக் குலுக்கியதில்லை.

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்த?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"பத்து நிமிஷம் இருக்குமா? கையில இருந்த ரொட்டியக்கூடத் தின்னு முடிக்கல. அது பாட்டுக்கு வந்து தண்ணி குடிக்க நின்னுச்சு! ஒரே குண்டு. புல்லு பூரா ரத்தம்..."

"வேர்வை" என்றேன்.

"ஐயோ, ஆமா, வேர்வை, வேர்வை."

வேட்டைப் பேச்சில் ரத்தம் என்று சொல்லக்கூடாது. வேர்வை என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணைக் கண் என்று சொல்லக்கூடாது, விளக்கு. தவறிச் சொன்னவன் விடுதியில் எல்லாருக்கும் ஒரு சுற்று பீர் ஊற்ற வேண்டும். அவனைப் பிடித்துவிட்டதில் எனக்கு ஊசிமுனை அளவு சந்தோஷம் கிடைத்தது. மிச்ச உடம்பு முழுக்க எரிந்தது. பத்து நிமிஷம்! கையில் ரொட்டியோடு!

பூர்கி அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். மேசையில் வால்நட் கேக். மேலே சர்க்கரைப் பொடி தூவி, நடுவில் ஒரு முழு வால்நட் வேறு. புதன்கிழமை காலையில் கேக்! தினமும் பத்து மணிக்குத் தபால் கொண்டு வருகிறவனுக்கு இந்த வீட்டில் இதுதான் நடக்கிறதா என்று தோன்றியது. அவன் இரண்டு துண்டு தின்றான். இரண்டாவது துண்டை அவன் கேட்கவில்லை. அவளே வைத்தாள்.

"நீ சாப்பிடலியா, அம்ப்ரோஸ்?"

"பசியில்ல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கேக்கின் மேல் துணியைப் போட்டு மூடினாள்.

"தலைய வேகவச்சு, மண்டையோட்ட நீதான் செஞ்சு தரணும்" என்றான் வெண்டலின், வாயில் கேக்கோடு. "உன்ன விட்டா இந்தப் பள்ளத்தாக்குல யாரு இருக்கா? நான் வேகவச்சா மூக்கெலும்பு கழண்டு சூப்புல மிதக்கும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். "செஞ்சு தரேன்" என்றேன்.

கொதிகலன் ஆள் அன்றைக்கு வரவேயில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் அது நினைவில்லை.

மத்தியானமே கொட்டகையில் வேலையைத் தொடங்கினேன். தோலை உரித்தேன். நாக்கை எடுத்தேன். கீழ்த்தாடையைப் பிரித்தேன். விளக்குகளைத் தோண்டி எடுத்தேன். ஏழு வருஷம் பைனாகுலர் வழியாக என்னைப் பார்த்த விளக்குகள். வேறொருவனுக்காக அதைச் செய்வது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். காதலித்த பெண்ணின் கல்யாணத்துக்கு மேளம் வாசிப்பவனைக் கேளுங்கள், அவன் சொல்லுவான்.

வேர்வை ஊறி வெளியே வர, தலையை இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். மூன்று வேளை தண்ணீர் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு உடனே வேகவைக்கிறவன் மண்டையோடு கடைசிவரை பழுப்பாகத்தான் இருக்கும். நான் நான்கு வேளை மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை மாலை பூர்கி தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு நாள் இது வீட்டுக்குள்ள வந்துரும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "இப்படித் தலைய மட்டும் அனுப்பும்னு நினைக்கல."

"விளையாடாத, பூர்கி."

"நான் எங்க விளையாடறேன்?"

சனிக்கிழமை கொப்பரையை ஏற்றினேன். தொத்திறைச்சி வேகவைக்கிற என் அப்பா காலத்துக் கொப்பரை. கொம்பின் அடிப்பக்கத்தைத் துணியும் அலுமினியத் தாளும் சுற்றிக் கட்டி, கொழுப்புத் தண்ணீர் மேலே ஏறாதபடி தலையை ஒரு குறுக்குக் கட்டையில் தொங்கவிட்டேன். கொஞ்சம் சோடா உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. லேசாகச் சிலிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, மழுங்கிய கத்தியால் சதையைச் சுரண்டினேன். வளைத்த கம்பியும் தண்ணீர்க் குழாயும் வைத்து மூளையை வெளியேற்றினேன். ஒரு இடுக்கு விடவில்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, மனசு தன் பாட்டுக்குத் திட்டியது. 'சுரண்டு, நல்லாச் சுரண்டு. அவன் வீட்டுச் சுவத்துல பளபளன்னு இருக்கட்டும்!'

கீழ்த்தாடையைத் தனியாக வேகவைத்தேன். கண்காட்சியில் மண்டையோட்டோடு கீழ்த்தாடையையும் வைத்தே ஆக வேண்டும். கொம்பைப் பார்த்து வயது சொல்ல முடியாது. பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்லுவார்கள். பச்சைப் பொட்டோ, சிவப்புப் பொட்டோ, எல்லாம் அந்தத் தாடையில்தான் இருக்கிறது.

பல் விஷயம் என்றால் பூர்கிக்குக் கை சும்மா இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக டவுனில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். பழைய டூத் பிரஷ்ஷும் அங்கிருந்து கொண்டு வந்த மழுங்கிப்போன கொக்கியும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாரு, மூணாவது கடைவாய்ப் பல்லு ஓரம் உடைஞ்சிருக்கு. கல்லக் கடிச்சிருக்கும் போல."

"ம்."

"அடேயப்பா, எப்படித் தேஞ்சிருக்கு! எங்க டாக்டர்கிட்ட வர்ற பென்ஷன் கிழவங்க பல்லு மாதிரி. பாவம், வலிச்சிருக்கும்."

"மானுக்குப் பல்வலி பாக்கறியா?"

"நீ பாக்காததா? அதுக்குத் தும்மல் வந்தாக்கூட என்னைய எழுப்பிச் சொன்னவனாச்சே!"

மருந்துக்கடையில் வாங்கிய பெராக்சைடைப் பஞ்சில் நனைத்து, கொம்பில் ஒரு சொட்டும் படாமல் எலும்பில் மட்டும் ஒத்தி வைத்தேன். ஒரு இரவு. மறுநாள் கழுவி நிழலில் உலர்த்தினேன். அந்த மண்டையோடு பால் போல வெளுத்தது. என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே சிறந்த வேலை அதுதான். அடியில் ஓக் பலகை. பலகையில் வெண்டலின் பெயர்.

கண்காட்சி வரை, காட்டாடு முதல் கிழ மான் வரை, சங்கத்தின் அந்த வருஷ மண்டையோடுகளெல்லாம் என் கொட்டகையில்தான் இருக்கும். நான்தான் வேனில் கொண்டுபோவது வழக்கம். குளிர்காலம் முழுக்க, விறகு எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. விடுதியில் வெள்ளிக்கிழமை தோறும் வெண்டலின் அந்தப் பத்து நிமிஷக் கதையைச் சொன்னான். அக்டோபரில் பத்து நிமிஷமாக இருந்தது டிசம்பரில் ஏழு நிமிஷமானது. பிப்ரவரியில் அவன் பரணில் ஏறவேயில்லை. ஏணியில் ஒரு கால் வைத்தபோதே மான் வந்துவிட்டது. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பேன், நெஞ்செரிச்சல்.

"அம்ப்ரோஸ் இன்னும் வாழ்த்துச் சொல்லல போல?" என்று விடுதிக்காரி ஸென்ஸி ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"சொன்னானே" என்று வெண்டலின் எனக்காகப் பொய் சொன்னான். அந்தப் பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் முதல் ஞாயிறு கண்காட்சி. முந்தின நாள் சனிக்கிழமை காலை பூர்கி வேலைக்குப் போயிருந்தாள். மண்டையோடுகளைப் பழைய போர்வைகளில் சுற்றிக்கொண்டிருந்தேன். கொட்டகை ஆணியில் இன்னொரு தாடை தொங்கியது. போன வருஷம் பனிச்சரிவில் செத்துக் கிடந்த மானின் தாடை. ஏழு வயது. பல்லின் மேடு பள்ளமெல்லாம் இன்னும் கூராக இருந்தது. அளவும் ஏறக்குறைய அதே அளவு.

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். கைதான் யோசித்தது. கோணக்கொம்பனின் தாடையைக் கட்டியிருந்த கம்பியை முறுக்கிப் பிரித்தேன். வெண்டலின் பெயர்ச் சீட்டோடு அந்த ஏழு வயதுத் தாடையைக் கட்டினேன். மூன்று நிமிஷ வேலை. சிவப்புப் பொட்டு. மூன்று வருஷம் மான் கிடையாது. பத்து நிமிஷக் கதை அதோடு முடிந்தது.

நிஜத் தாடையை அடுப்பில் போட்டிருக்க வேண்டும். அடுப்புக் கதவைத் திறந்தும் விட்டேன். அந்த உடைந்த பல்லைப் பார்த்ததும் மனசு வரவில்லை. ஏழு வருஷம்! கைக்குட்டையில் சுற்றி, படுக்கையறையில் என் பக்கத்து டிராயரில், காலுறைகளுக்கு அடியில் வைத்தேன். அன்று மாலை வேலையிலிருந்து வந்த பூர்கி நான் எப்போதும் செய்கிற வேலையைத் தானே செய்தாள்: மண்டையோடுகளையெல்லாம் வேனில் ஏற்றினாள். "உனக்கு முதுகு வலின்னியே" என்றாள். நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதியின் பெரிய கூடத்தில் பச்சைத் துணி போர்த்திய பலகைகள். அவற்றில் சுற்றுவட்டாரச் சங்கங்களின் மண்டையோடுகள் வரிசையாக. ஊர் பேண்ட் வாத்தியம் வாசித்து ஓய்ந்திருந்தது. பன்றிப் பொரியலும் பீரும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. கிழட்டு வன அதிகாரி கோக்லர் ஒவ்வொரு தாடையாக எடுத்து, கட்டை விரலால் பல்லைத் தடவி, வயதைச் சொல்லிக்கொண்டே வந்தார். உதவியாளன் பொட்டு ஒட்டினான். பச்சை. பச்சை. ஒரு சிவப்பு, கூட்டம் "ஓஓஓ" என்றது. சுட்டவன் தலையைக் குனிந்துகொண்டு பீர்க் கோப்பைக்குள் ஒளிந்தான்.

வெண்டலின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். புதுத் தோல் கால்சட்டை. உள்ளங்கையைத் தொடையில் துடைத்துத் துடைத்து அங்கே ஈரமாகியிருந்தது.

"பயமா இருக்கு, அம்ப்ரோஸ்."

"எதுக்கு?"

"எனக்கு மான் வயசெல்லாம் பாத்துச் சொல்லத் தெரியாதுய்யா. இந்த வருஷம் பத்துன்னு நீதான் அடிச்சுச் சொன்ன, இதே மேசைல. அந்த தைரியத்துலதான் விசையத் தொட்டேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்."

பின்னாலிருந்து ஸென்ஸி, "அம்ப்ரோஸ் கணக்கு தப்பாது. பொண்டாட்டி பொறந்த நாள மறப்பான், அந்த மான் பொறந்த நாள மறக்க மாட்டான்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர் மேசையில் பூர்கி மட்டும் சிரிக்கவில்லை. தன் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோணக்கொம்பன் நெற்றியில் சிவப்புப் பொட்டு விழுந்தால், அது வெண்டலினுக்கு மட்டும் விழுகிற பொட்டு இல்லை. என் ஏழு வருஷத்துக்கும் விழுகிற பொட்டு. பனியிலும் மழையிலும் நான் எண்ணிய எண்ணிக்கை பொய் என்று அந்தப் பொட்டு சொல்லும். அந்த மான், குழந்தையாகச் செத்தது என்று எழுதிவைக்கப்படும். அதைவிட, பக்கத்தில் இருக்கிற இந்த முட்டாள் என்னை நம்பியிருக்கிறான். எனக்காகப் பொய் சொன்னவன்.

கோக்லர் கோணக்கொம்பன் பக்கம் வந்தார். தாடையை எடுத்தார்.

எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து தடாலென்று விழுந்தது.

"கோக்லர் ஐயா! ஒரு நிமிஷம்..."

அவர் காது கொஞ்சம் மந்தம். கட்டை விரல் பல் வரிசையில் மெதுவாக நகர்ந்தது. நின்றது.

"மூணாவது கடைவாய்ப் பல்லு ஓரம் உடைஞ்சிருக்கு" என்றார். "மத்ததெல்லாம் மேசை மாதிரி வழவழன்னு தேஞ்சிருக்கு. பத்து. பதினொண்ணாக்கூட இருக்கலாம். அற்புதமான கிழவன். பச்சை!"

கூடம் கைதட்டியது. எனக்கு மட்டும் சத்தமே கேட்கவில்லை. உடைந்த பல்லா? அது என் டிராயரில் அல்லவா இருக்கிறது?

"என்ன அம்ப்ரோஸ், எந்திரிச்சு நிக்கிற?" கோக்லர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஏதாவது ஆட்சேபணையா?"

நூற்றைம்பது பேர் திரும்பினார்கள். எதிர் மேசையில் பூர்கியும் என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. பல் டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்க்கிறவள் வீட்டில், பல்லை மாற்றி வைத்த மடையன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஆட்சேபணை இல்லீங்க" என்றேன். "வெண்டலினுக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கு. அதான்."

திரும்பினேன். கையை நீட்டினேன்.

"வைட்மான்ஸ்ஹைல், வெண்டலின்."

"ஆறு மாசம் லேட்டு!" என்று யாரோ பின்னாலிருந்து கத்த, கூடமே குலுங்கியது. வெண்டலின் சிரிக்கவில்லை. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வைட்மான்ஸ்டாங்க்" என்று அதற்கான பதிலைச் சொன்னான். அவன் விளக்குகள் கலங்கியிருந்தன. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் முன்பு போல இல்லை. ஆறிக்கொண்டு வருகிற புண் மாதிரி எரிந்தது.

வெளியே வேன் பக்கத்தில் பூர்கி நின்றிருந்தாள். கூரையிலிருந்து உருகிய பனி சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கையில் ஒரு ஜாம் வைத்த பணியாரம், பாதி கடித்தது. மீதியை என்னிடம் நீட்டினாள்.

"எப்பக் கண்டுபிடிச்ச?" என்றேன்.

"நேத்து. தோச்ச காலுறைய வைக்கலாம்னு டிராயரத் தொறந்தேன். சுவத்துல ஏழு ஜோடி கொம்பு தொங்கறது பத்தாதுன்னு, இப்போ பல்லையும் தலைமாட்டுக்குக் கொண்டு வந்துட்டியே மனுஷா! எனக்கு வந்த கோவத்துல ஜன்னல் வழியா விட்டெறிஞ்சிருப்பேன். அந்த உடைஞ்ச பல்லப் பாத்ததும்தான் விஷயம் புரிஞ்சுது."

"அப்பவே என்னப் பிடிச்சு நாலு திட்டு திட்டியிருக்கலாமே? ஏன் ஒண்ணும் சொல்லாம மாத்தி வச்ச?"

"உன்னத் திட்ட எனக்கு வாயில்ல, அம்ப்ரோஸ். என்னால நடந்ததுக்கு அந்தப் பையன் எதுக்குச் சிவப்புப் பொட்டு வாங்கணும்?"

"உன்னாலயா? நீ என்ன செஞ்ச?"

அவள் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பொடியை ஊதினாள். அந்தச் சர்க்கரையைப் பார்த்ததும் எனக்கு ஒரு கேக் நினைவுக்கு வந்தது. நடுவில் முழு வால்நட் வைத்த, புதன்கிழமைக் கேக். அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

"பூர்கி... அன்னிக்குக் கொதிகலன் பாக்க ஆள் வரவேயில்லையே?"

"வரச் சொன்னாத்தானே வருவான்? ஏழு வருஷமா நம்ம கல்யாண நாள் அன்னிக்கு நீ அதுகூடத்தான் இருந்த. எட்டாவது வருஷமாவது நீ எங்கூட இருக்கணும்னு, அது எந்த ஓடையில தண்ணி குடிக்கும்னு வெண்டலின்கிட்ட சொன்னதே நான்தான்."